காருக்குள் ஜினியின் இன்டர்வியூ

பக்கத்து வீட்டு லீலாபாயின் மருமகள் ஜினிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று முதலில் சொன்னது நான் இல்லை. மீன் கொண்டுவருகிறவள் சொன்னாள். நான் "அப்படியா?" என்று கேட்டேன், அவ்வளவுதான். அந்த ஒரு கேள்வி எங்கள் தெருக் கடைசி வரை போய்ச் சேர்ந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

மீன்காரி கண்டது இது. போர்ச்சில் நிற்கிற காருக்குள் ஜினி தன்னந்தனியாக உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஸ்டியரிங்கைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். கார் எங்கேயும் போகவில்லை. அது போகவும் போகாது. ஜினியின் மாப்பிள்ளை ஷிபின் கத்தாரில் இருக்கிறான். அவன் லீவில் வரும்போதுதான் அதற்கு ஓட்டம். மற்ற நாளெல்லாம் உறை போட்டுப் படுத்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாமனார் ரசலையன் உறையைக் கழற்றி, நடந்தால் சாயா ஆறுவதற்குள் போய்விடுகிற சர்ச்சுக்கு அதை ஓட்டிக்கொண்டு போவார்.

உண்மை என்னவென்று தெரியாமல் ஒரு பிள்ளையைப் பற்றிப் பேசுவது தப்பு. அதனால் கறிவேப்பிலை கேட்டு லீலாபாய் வீட்டுக்குப் போனேன். கறிவேப்பிலை எங்கள் வீட்டிலும் நிற்கிறது. அது வேறு விஷயம்.

"போன்ல இன்டர்வியூ, மைனி" என்றாள் லீலாபாய். "செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு திருவனந்தபுரத்துல இருந்து கூப்பிடுவாவ. அதுக்குத்தான் பழகுதா. வீட்டுக்குள்ள மிக்ஸி சத்தம், பேரன் ஜெரிஷ் சத்தம், எனக்க சத்தம். கார்னா ஒண்ணும் கேக்காதாம்."

"மூஞ்சியப் பாக்காம எப்பிடிட்டீ வேலை குடுப்பாவ?"

"நாம மூஞ்சியப் பாத்து எடுத்த மருமவளுவ எல்லாம் நல்லாட்டா இருக்காளுவ?"

இது என் மருமகளைச் சொன்னது. விட்டுவிட்டேன். விஷயம் முக்கியம்.

விஷயம் இதுதான். ஜினி நர்ஸ் படித்தவள். நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். ஜெரிஷ் பிறந்ததோடு நின்றுவிட்டாள். இப்போது பையன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியாயிற்று. இவளும் வேலைக்குப் போக வேண்டும். ரியாத்தில் ஒரு ஆஸ்பத்திரி அவளை வேலைக்கு எடுக்கத் தயாராக இருந்தது. சுயம்புலிங்கம் என்கிற ஏஜென்ட், இந்த மாதத்துக்குள் சரி என்றோ இல்லை என்றோ சொல்லிவிடச் சொல்லிவிட்டார். போனால் இரண்டு வருஷம். அப்பன் ஒரு நாட்டில், அம்மை ஒரு நாட்டில், பிள்ளை இங்கே எங்கள் கருங்கல் ஊரில். அப்போதுதான் இந்தத் திருவனந்தபுரம் கம்பெனி தட்டுப்பட்டது. இன்சூரன்ஸுக்கு வருகிற ஆஸ்பத்திரி பில்லையெல்லாம் சரிபார்க்கிற வேலை. நர்ஸ் படித்தவர்கள்தான் வேண்டுமாம். முதலில் போனில் பேசிப் பார்ப்பார்கள், பிடித்தால்தான் நேரில் கூப்பிடுவார்கள். அந்தப் போன் சரியாக அமையாவிட்டால் ரியாத்துதான்.

"நான் எந்தப் பக்கமும் சொல்லல்ல" என்றாள் லீலாபாய். "ஆனா எனக்கு முட்டுவலி. ஷிபினை வளத்து ஆளாக்குனதுலயே பாதி உயிரு போயிற்று. இனி இன்னொண்ணை வளக்க வய்யா."

அன்றிலிருந்து துணி அலசுகிற வேலையை நான் மதில் பக்கத்துக் கல்லுக்கு மாற்றிக்கொண்டேன். அங்கே வெயில் குறைவு.

ஷிபினின் தம்பி ஜெபிஷ் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். இன்டர்வியூவுக்குப் போயே வளர்ந்தவன். அவன் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவதை ஜினி சத்தமாக வைத்துக் கேட்பாள். "மைனி, எழும்பி நின்னு பேசுங்க, அப்பதான் குரல் கெட்டியாட்டு வரும். சிரிச்சிட்டே பேசுங்க, சிரிப்பு போன்ல கேக்கும். சம்பளத்தை நீங்க முதல்ல சொல்லிராதீங்க. நாலு வருசம் என்ன செஞ்சீங்கன்னு கண்டிப்பாக் கேப்பாவ. ஆன்லைன்ல கோர்ஸ் படிச்சேன்னு அடிச்சு விடுங்க."

காருக்குள்ளே எழும்பி நிற்பது எப்படி என்று அவன் சொல்லவில்லை.

"பொய் எதுக்குச் சொல்லணும்?" என்று ஜினி திருப்பி அனுப்பினாள். "பிள்ளை வளத்தேன். அதுல என்ன குறைச்சல்?"

"மைனி, அது வீக் ஆன்சர்."

"நீ ஒரு நாள் ஜெரிஷைக் குளிப்பாட்டிப் பாரு. வீக்கா இல்லியான்னு தெரியும்."

ஒத்திகைக்கு ரசலையன்தான் ஆபீசர். பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயரானவர். அவர் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார், அவள் காருக்குள். பத்தடி தூரத்துக்கு இரண்டு போன்.

"உங்களப் பத்திச் சொல்லுங்க. சீக்கிரம், சீக்கிரம், அடுத்த ஸ்டாப் வரப்போவுது."

"மாமா, அவங்க அப்பிடிக் கேக்கமாட்டாவ."

"செரி. எங்க கம்பெனியப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

ஜினி சொன்னாள். கம்பெனி எப்போது தொடங்கியது, எந்தெந்த ஊரில் ஆபீஸ், என்ன மாதிரி பில் வரும், தப்பு எங்கே நடக்கும் என்று தங்குதடையில்லாமல் சொல்லிக்கொண்டே போனாள். ரசலையன் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, "எனக்கே சேரணும் போல இருக்கு மக்கா" என்று காரைப் பார்த்துக் கத்தினார்.

பிள்ளைக்குத் தைரியம் அதிகம். வேலை கிடைத்து ரெண்டு வருஷம் ஆனவள் மாதிரிதான் நடந்தாள். செவ்வாய்க்கிழமை காலையில் நான் எட்டிப் பார்த்தபோது தேய்த்த சுடிதார் போட்டு, தலை சீவி, பொட்டுக் கம்மல்கூட மாற்றியிருந்தாள்.

"போன்லதானே பேசப்போற? யாரு பாக்கப்போறா?"

"நான் பாக்கேன்லா, மாமி."

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கெடுத்தது லீலாபாய். ஞாயிற்றுக்கிழமை பெண்கள் சங்கத்தில், மருமகளுக்கு இன்டர்வியூ என்று ஜெபக்குறிப்புக் கொடுத்துவிட்டாள். எங்கள் சபையில் ஆபரேஷன், பரீட்சை, வீட்டுக்குக் கல் போடுவது, கல்ஃபுக்கு ஏறுவது, எதுவானாலும் யோவான் உபதேசியார் வந்து ஜெபிக்காமல் நடக்காது. அவரைக் கூப்பிட்டது தப்பில்லை. பத்தரை மணிக்குக் கூப்பிட்டதுதான் தப்பு. "அரை மணிக்கூர் தாராளம்லா" என்றாளாம். உபதேசியாரைத் தெரிந்த யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். அரை மணிக்கூரில் அவர் ஆதாம் ஏவாளைத் தாண்டியிருக்கமாட்டார்.

ஹாலில் பாய் விரித்து நாங்கள் ஒரு பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்தோம். ஒரு பாட்டு, ஒரு வசனம், அதைப் பற்றி ஒரு நாலு வார்த்தை. அந்த நாலு வார்த்தை முடியும்போதே பத்தேமுக்கால். பிறகு ஜெபம். எல்லோரும் கண்ணை மூடினார்கள். நான் பாதி மூடினேன். நாட்டை ஆளுகிறவர்கள், மழை, ரப்பர் விலை, கடலில் போயிருக்கிறவர்கள், சுகமில்லாதவர்கள் பேர் பேராக. அதற்குப் பிறகு கல்ஃபில் இருக்கிறவர்கள், நாடு நாடாக. உபதேசியார் குவைத்தில் இருக்கும்போது ஜினியின் கையில் போன் நடுங்கியது.

அவள் எழும்பினாள். செருப்பைக்கூடப் போடாமல், பாய்க்கும் பாய்க்கும் நடுவே கால் வைத்து, பூனை மாதிரி வெளியே போனாள். ஒருத்தருக்கும் தெரியாது. பிள்ளைக்குத் தொண்டை வறண்டால் என்ன செய்வாள் என்று எனக்குத் தோன்றியது. ஒரு கிளாஸ் வெள்ளம் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

காருக்குள் அனல். கண்ணாடியை நாலு விரல் இறக்கியிருந்தாள். முன்னால் பேப்பர் இரண்டு. போனை ஸ்பீக்கரில் போட்டு டாஷ்போர்டில் சாய்த்து வைத்திருந்தாள். நான் தூணோடு ஒட்டி நின்றேன். பேச்சு இங்கிலீஷிலும் தமிழிலும் கலந்து நடந்தது. எனக்குப் பிடிபடாததைப் பிறகு ஜினியிடம் கேட்டு நிரப்பிக்கொண்டேன்.

பேசியவள் பேர் ரஷ்மி. மலையாள வாடை அடிக்கிற தமிழ். இப்போது பேச வசதிப்படுமா என்று மரியாதையாகக் கேட்டாள். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றாள். ரசலையன் கேட்டதை எல்லாம் அவளும் வரிசையாகக் கேட்டாள், ஸ்டாப்பை மட்டும் விட்டுவிட்டு. அப்புறம் வந்தது அந்தக் கேள்வி.

"நாலு வருஷம் வேலை செய்யலையே?"

"மகனை வளத்தேன். இப்ப அவன் ஸ்கூலுக்குப் போறான். நான் வேலைக்கு வரலாம்."

அவ்வளவுதான். அதற்கு மேலே ஒரு வார்த்தை கூட்டவில்லை, குரலும் இறங்கவில்லை. அந்தப் பக்கம் டைப் அடிக்கிற சத்தம் கேட்டது.

"ஒரு பேஷன்ட் வியாழக்கிழமை டிஸ்சார்ஜ். பில்லில் வெள்ளிக்கிழமை போட்ட இன்ஜெக்‌ஷனும் இருக்கு. என்ன செய்வீங்க?"

"வார்டுல மருந்து குடுத்த சார்ட் இருக்கும். குடுத்த நர்ஸ் நேரம் போட்டு ஒப்பு வச்சிருப்பா. முதல்ல அதை அனுப்பச் சொல்லுவேன். தேதி மாத்தி அடிச்சதாவும் இருக்கலாம். அதைப் பாக்காம கள்ளம்னு சொல்லமாட்டேன்."

"குட்" என்றாள் ரஷ்மி.

அந்த நேரம் பார்த்து உள்ளே உபதேசியார் கல்ஃபை முடித்துக்கொண்டு ஜினியிடம் வந்து சேர்ந்தார். இதுவரை அடக்கி வைத்திருந்த தொண்டையை முழுசாகத் திறந்தார். "கர்த்தாவே! உம்முடைய மகளின் வாயைத் திறந்தருளும்!" பத்துப் பன்னிரண்டு பெண்கள் ஒரே மூச்சில், "ஆமென்!"

வாய் திறந்துதான் இருந்தது. அது இங்கே காருக்குள் இருந்தது.

"அங்கே என்ன சத்தம்?" என்றாள் ரஷ்மி. "ஏதாவது மீட்டிங்கா?"

நானாக இருந்தால் டிவி என்று சொல்லியிருப்பேன்.

"ஜெபம் பண்ணுறாங்க, மேடம். இந்த வேலை எனக்குக் கிடைக்கணும்னு."

ரஷ்மி சிரித்தாள். நல்ல சிரிப்புத்தான். ஆனால் சிரிப்பு நின்றதும் குரல் மாறியது. "ஜினி, ஒண்ணு கேக்கட்டுமா? வாரத்துல மூணு நாள் இந்த வேலையை வீட்டுல இருந்தே செய்யணும். ஆஸ்பத்திரிக்காரங்ககிட்ட நாள் முழுக்க போன்ல பேசணும். அப்போ இப்படி ஆள் வந்தா என்ன செய்வீங்க?"

ஜெபிஷ் இதற்குப் பதில் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. நான் கிளாஸை இறுக்கிப் பிடித்தேன். ரியாத் விமானம் கிளம்புகிற சத்தம் என் காதில் கேட்டது.

"ஒரே ஒரு நிமிசம் லைன்ல இருக்க முடியுமா, மேடம்? பேசி சரிபண்ணிட்டு வாறேன்."

கார்க் கதவு திறந்தது. தூணுக்குப் பக்கத்தில் என்னைப் பார்த்தும் அவள் ஆச்சரியப்படவில்லை. "மாமி, நீங்களும் உள்ள வாங்க" என்று என் முழங்கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். ஹாலுக்கு நடுவில் போய் நின்றாள்.

"உபதேசியாரே, ஆமென் சொல்லுங்க."

யோவான் உபதேசியாருக்கு நடுவில் யாரும் குறுக்கே பேசி நாங்கள் பார்த்ததில்லை. ஒரு தடவை தென்னையிலிருந்து தேங்காய் விழுந்து ஓடு உடைந்தபோதுகூட அவர் நிறுத்தவில்லை. இப்போது ஒரு கண்ணைத் திறந்தார்.

"ஏட்டி!" என்றாள் லீலாபாய்.

"அத்தே, அவங்க லைன்ல இருக்காவ. நான் பேசி முடியது வரைக்கும் சத்தம் வரப்பிடாது. சாயா போட்டு வச்சிருக்கேன், எல்லாரும் குடிங்க. கிளாஸ் சத்தமும் கேக்கப்பிடாது. இனி நான் போன்ல இருந்தா இந்த வீட்டுல இப்பிடித்தான்."

அதட்டலும் இல்லை, கெஞ்சலும் இல்லை. நோயாளியைப் பார்க்க வந்த கூட்டத்தை வார்டிலிருந்து வெளியே அனுப்புகிற குரல். உபதேசியார் அவளைப் பார்த்தார், லீலாபாயைப் பார்த்தார்.

"ஆமென்" என்றார். அவர் வாழ்க்கையிலேயே சின்ன ஜெபம் அதுவாகத்தான் இருக்கும்.

ஜினி திரும்பிப் போய்க் காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள். கண்ணாடியையும் ஏற்றிவிட்டாள். முக்கியமான இடம் வரும்போது இப்படிச் செய்தால் மனுஷர் என்னதான் செய்வது?

நாங்கள் எல்லோரும் ஜன்னலுக்கு வந்தோம். முறுக்குத் தட்டு சுற்றி வந்தது. கடிக்க யாருக்கும் தைரியமில்லை. வாயில் போட்டு ஊறவைத்துக்கொண்டு நின்றோம்.

"சிரிக்கா" என்றேன் நான்.

"சிரிக்கல்ல, மைனி. பல்லைக் கடிக்கா" என்றாள் லீலாபாய், முழங்காலைப் பிடித்துக்கொண்டே.

"கையை ஆட்டுதா. நல்லாத்தான் போவுது" என்றார் ரசலையன்.

உபதேசியாரின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. மீதியை உள்ளுக்குள்ளே முடிக்கிறார் என்று நினைக்கிறேன்.

ஜினி இறங்கியபோது தேய்த்த சுடிதார் முதுகோடு ஒட்டி, குளித்துவிட்டு வந்தவள் மாதிரி இருந்தாள். என் கையிலிருந்த வெள்ளத்தை வாங்கி மடக்கு மடக்கென்று குடித்தாள்.

"வெள்ளிக்கிழமை நேர்ல வரச் சொல்லியிருக்காவ."

"ஸ்தோத்திரம்!" என்று எல்லோரும் ஒரே நேரத்தில் முறுக்கைக் கடித்தோம்.

"ஜெபத்தை நிறுத்தப் போனியே, அதுக்கு என்ன சொன்னாவ?" என்று கேட்டேன்.

"திரும்பி வந்து பேசுனப்ப, 'இப்ப பின்னால ஒரு சத்தமும் இல்லியே, எல்லாரையும் அனுப்பிட்டீங்களா'ன்னு கேட்டாவ. இல்ல, சாயா குடிக்காவன்னு சொன்னேன்."

சொல்லிக்கொண்டே அவள் போனில் வேறொரு நம்பரை அழுத்தினாள். நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

"சுயம்புலிங்கம் அண்ணனா? நான் ஜினி. ரியாத்துக்கு வேற ஆளைப் பாத்துக்கிடுங்க, அண்ணா. இல்ல, யோசிச்சுத்தான் சொல்லுதேன். வச்சிருதேன்."

லீலாபாய் நெஞ்சில் கை வைத்தாள். "ஏட்டி, வேலை இன்னும் கிடைக்கல்ல. வெள்ளிக்கிழமை கழிஞ்சு சொன்னா போராதா?"

"வெள்ளிக்கிழமை கிடைக்கும், அத்தே. கிடைக்கல்லன்னா இன்னொரு ஆபீஸ் கூப்பிடும், இன்னொரு தடவை பேசுவேன். பேச வருதுன்னு தெரிஞ்சாச்சுல்லா. ஜெரிஷை விட்டுட்டுப் போறதை இனியும் ஒரு வழியா வச்சிட்டு இருக்க என்னால ஏலாது."

லீலாபாய் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினாள். முகத்தில் வருத்தத்தைத் தேடித்தேடிப் பார்த்தேன். ஒரு துளி கிடைக்கவில்லை.

"அப்ப வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துல இருந்து ஜெரிஷை யாரு கூட்டிட்டு வருவா?" என்றார் ரசலையன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்கு வீட்டில் ஆயிரம் வேலை கிடக்கிறது. ஆனால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து அந்த வீட்டில் உட்கார்ந்திருந்தால், ஜினி திருவனந்தபுரத்திலிருந்து வந்து பஸ் இறங்கியதும் அவள் சொல்லுகிற கதையை முதலில் கேட்கப்போவது நான்தானே. செரி என்றேன்.