சங்கிலியில் ஒரு பூட்டு அதிகம்

மின் நிலையத்தில் அவளுக்குப் பூட்டக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரை அங்கே யாரும் கூப்பிட்டதில்லை. காரணம் உண்டு. அணையிலிருந்து மலைச்சரிவில் இறங்கும் பெரிய குழாய்க்குள் ஆள் இறங்கி வேலை செய்யும் நாட்களில், முதலில் மேல்மதகை மூடுவார்கள். மிச்சத் தண்ணீரைப் பம்பு வைத்து இறைப்பார்கள். பிறகு உள்ளே போகிற ஒவ்வொருவரும் மதகின் கைப்பிடிச் சங்கிலியில் தன் சொந்தப் பூட்டை மாட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும். ஏறி வந்ததும் அவனவன் பூட்டை அவனவன்தான் கழற்ற வேண்டும். ஒரு பூட்டு தொங்கினாலும் மதகு அசையாது. அதைத் திறக்கும் பொறுப்பு அவளுடையது. பூட்டு மாட்டாமல் எவனாவது குழாய்க்குள் எட்டிப் பார்த்தால் அவன் பரம்பரையையே இழுத்துவைத்துத் திட்டுவாள். வாய் அப்படி.

அந்த வாய்க்கு அடங்காத ஒரே ஆள் அவள் தம்பி. அதே நிலையத்தில் ஃபிட்டர். “பூட்டு வீட்டுக்குத்தான்க்கா. மனுஷனுக்கு எதுக்கு?” என்பான். அவன் தொலைத்துவிடக் கூடாதென்று அவன் பூட்டில் மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு போட்டுக் கொடுத்தவளே அவள்தான். கழுதை, கேட்டால்தானே! போன வருடப் பராமரிப்பு வேலை முடிந்து, எல்லோரும் பூட்டைக் கழற்றிக்கொண்டு டீ குடிக்கப் போன பிறகு, மறந்து வைத்த டார்ச்சை எடுக்க அவன் மட்டும் திரும்ப உள்ளே இறங்கினான். ஒரு நிமிஷ வேலைதானே என்று பூட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டு போனான். சங்கிலி காலியாக இருந்தது. அவள் மதகைத் திறந்தாள்.

பூட்டைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. உடலோடு கிடைத்தது இடுப்பில் மாட்டியிருந்த சாவி வளையம் மட்டும். அதில் ஒன்று பூட்டுச் சாவி, ஒன்று வீட்டுச் சாவி.

“நீ திறந்த தண்ணிதானே” என்றாள் அம்மா. அவ்வளவுதான். அதற்குப் பிறகு மகளிடம் ஒரு சொல் பேசவில்லை. ஒரே வீடு, ஒரே உலை. தட்டை வைப்பாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். சின்ன வயதில் இரண்டும் மண்டையை உடைத்துக்கொள்ளும்போது, “நீரடிச்சு நீர் விலகுமா, போங்கடி போங்கடா” என்று சிரித்த அதே அம்மா! பூட்டக்கா தன் வீட்டுச் சாவியை மேசையில் போட்டுவிட்டுத் தம்பியின் வளையத்தையே பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்வந்தாள். வேலையை விட்டுவிடேன் என்று சிலர் சொன்னார்கள். விட்டால் வேறொருத்தன் வந்து அந்த மதகைத் திறப்பான். அவன் தலையை எண்ணுவானா மாட்டானா, யாருக்குத் தெரியும்?

இந்த வருடமும் குழாயில் துரு எடுக்கும் வேலை வந்தது. அதைச் செய்கிறவருக்குத் தண்ணிக்கத்தி என்று பட்டப்பெயர். அவருடைய தண்ணீர்த் துப்பாக்கியிலிருந்து அழுத்தத்தில் பீறிடும் தண்ணீர் நூல் கனம்தான் இருக்கும். துருவைத் தோல் உரிப்பதுபோல் உரித்துவிடும். கொஞ்சம் மணலைக் கலந்துவிட்டால் இரும்புத் தகட்டையே அறுக்கும். விரலைக் காட்டினால் விரல் போச்சு.

மதியத்துக்குள் வேலை முடிந்தது. எல்லோரும் வெளியே வந்து அவரவர் பூட்டைக் கழற்றினார்கள். அவள் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினாள். எண்ணிக்கை சரி. சங்கிலியைப் பார்த்தாள். ஒரு பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

அது சொட்டிக்கொண்டும் இருந்தது. வெயிலில் காய்ந்து கிடந்த சங்கிலியில் அது ஒன்றுதான் ஈரம். பாசி படிந்திருந்தது. பாசிக்கு அடியில் மஞ்சள் கோடு.

அவள் தண்ணிக்கத்தியைக் கூட்டிக்கொண்டு, இருவர் பூட்டையும் சங்கிலியில் மாட்டிவிட்டு, டார்ச்சோடு குழாய் முழுக்க நடந்து பார்த்தாள். ஒரு ஈ காக்கை இல்லை. ஏறி வந்து தங்கள் பூட்டைக் கழற்றினால், அந்தப் பூட்டு அப்படியே தொங்குகிறது.

“எவனோ மறந்துட்டுப் போயிருக்கான். அறுத்துத் தள்ளுங்க!” என்றார் மேனேஜர். “ஊரு பூரா கரண்ட் இல்லாம கெடக்கு. ஆளாளுக்கு போன் போட்டு என் உசுர வாங்குறாங்க.”

தண்ணிக்கத்தி துப்பாக்கியில் மணலைக் கலந்து பூட்டின் வளைவுக்கு நேரே பிடித்தார். பம்பு அலறியது. இரும்பை அறுக்கிற தண்ணீர் அந்தப் பூட்டின் மேல் பட்டதும், குழந்தைக்குத் தலைக்கு ஊற்றியதுபோல் சாதுவாக வழிந்து இறங்கியது. ஒரு கீறல் விழவில்லை. மஞ்சள் பெயின்டுகூட உதிரவில்லை. அவர் துப்பாக்கியைக் கீழே வைத்தார்.

“என்னால ஆகாதுக்கா. இது வேற என்னமோ.”

“அறுக்க வேணாம்” என்றாள் அவள். “உள்ள ஆள் இருக்கு.”

“இப்பதானம்மா பாத்துட்டு வந்தீங்க! யாரு இருக்கா?”

“என் தம்பி.”

மேனேஜர் ஓரமாக ஒதுங்கி அவளுக்கு வழி விட்டார்.

அவள் குழாயில் ஆள் இறங்கும் வாயருகே போய் மண்டியிட்டாள். உள்ளேயிருந்து குளிர் மேலே வந்து முகத்தில் மோதியது. தெருவில் விளையாடுகிறவனைச் சாப்பிடக் கூப்பிடும் குரலில் கூப்பிட்டாள். “டேய்! வேலை முடிஞ்சுதுடா. வெளிய வா.”

கொஞ்ச நேரம் சொட்டுச் சத்தம். பிறகு மிகக் கிட்டத்தில், அவள் முகத்துக்கு நேர் கீழே, குரல் வந்தது.

“இந்தத் தடவ பூட்டு மாட்டிட்டேன், பாத்தியாக்கா?”

“பாத்தேன்டா” என்றாள். “பாத்தேன் சாமி. வா.”

“எப்படி வர்றது? சாவி உங்கிட்டல்ல இருக்கு.”

ஐயோ! இவ்வளவு நாளும் அதுவா? அவள் பையைக் கவிழ்த்துக் கொட்டிச் சாவி வளையத்தை எடுத்தாள். தோள்வரைக்கும் கையை இருட்டுக்குள் நீட்டினாள். ஊறிப்போன குளிர்ந்த விரல்கள் அவள் உள்ளங்கையைத் தடவிப் பார்த்தன. பிறகு, சின்ன வயதில் மிட்டாயைப் பிடுங்குவானே, அதே வெடுக். கை காலியாயிற்று.

எழுந்து திரும்பினாள். சங்கிலியில் பூட்டு இல்லை. அதற்கு நேர் கீழே சிமென்டுத் தரையில் இரண்டு ஈரப் பாதச் சுவடுகள். அங்கிருந்து சுவடுகள் நிலையத்தின் வாசல் பக்கம் போயிருந்தன. ஆட்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள். அவள் மறுபடியும் ஒவ்வொரு தலையையும் தொட்டு எண்ணினாள். பிறகு மதகைத் திறந்தாள். குழாய் இரைந்தது, கீழே டர்பைன் முனக ஆரம்பித்தது. மேனேஜரின் போன் ஓய்ந்தது.

வீட்டுத் தெருவுக்குள் நுழையும்போது விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. வாசலில் நின்று பையைத் துழாவியபோதுதான் உறைத்தது. வீட்டுச் சாவியும் அந்த வளையத்தில்தானே இருந்தது. அவள் தட்டினால் அம்மா திறக்க மாட்டாள், திறந்ததே இல்லை. இருந்தாலும் தட்டினாள்.

கதவு திறந்தது. அம்மா நின்றாள். நடை நெடுக ஈரம். சுவர் ஆணியில் மஞ்சள் கோடு போட்ட பூட்டு சொட்டிக்கொண்டிருந்தது. அம்மா ஒரு வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக மகளின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“ஏண்டி வாசல்லயே நிக்கிற? உள்ள வந்து அவனுக்குத் தலை துவட்ட ஒரு துண்டு எடுத்துக் குடு” என்றாள். “அவன் அப்பவே வந்துட்டான்.”