காண்டாமிருகம் நின்ற இடம்

சூசைதாசன் தென்னாபிரிக்காவில் காண்டாமிருகம் பார்த்துவிட்டு ஸ்ட்ரெதம் வீட்டுக்குத் திரும்பிப் பதினொரு நாள்தான் ஆகியிருந்தது. சனிக்கிழமை காலை, இடியப்பத்தைச் சொதியில் குழைத்தபடி ஃபோனைத் திறந்தார். சரணாலயத்திலிருந்து, அங்கே வந்துபோன எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல். அவர்கள் பார்த்த, குட்டையோரம் நின்ற தாய்க் காண்டாமிருகத்தைச் சுட்டுக் கொம்பை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கன்று மட்டும் உயிரோடு. அந்த இடத்தை யாராவது வெளியே சொல்லியிருந்தால் தயவுசெய்து அறியத் தரவும்.

சொன்னவர் இடியப்பத்துக்கு முன்னால்தான் இருந்தார்.

வழிகாட்டி தாபோ அன்று ஜீப்பிலேயே படித்துப் படித்துச் சொன்னான்: படம் எடுங்கள், இடத்தை மட்டும் ஒருவருக்கும் சொல்லாதீர்கள், வேட்டைக்காரர்களுக்கு அது போதும். எட்டுப் பேரில் மிகப் பலமாகத் தலையாட்டியவர் சூசைதாசன். ஆனால் பழைய மாணவர் சங்கத்து வாட்ஸ்அப்பில் அவர் படத்தைப் போட்டதும், எட்மண்டன் மச்சான் அருட்பிரகாசம் எழுதினார்: "உது இஞ்ச உள்ள சூ எல்லோ?" கீழே இருபத்தாறு பேர் சிரித்தார்கள். பதினொரு மணிநேரம் பறந்து போன மனிதர், உள்ளூர் மிருகக்காட்சிசாலை என்றால் பொறுப்பாரா? மிருகம் நின்ற இடத்தை வரைபடத்தோடு அனுப்பினார். மச்சானின் வாய் மூடியது. அந்த வெற்றியை இரண்டு நாள் ருசித்தார்.

இப்போது மச்சானுக்கே ஃபோன் போட்டார்.

"அந்த லொக்கேஷனை நீ ஆருக்கும் அனுப்பினனியோ?"

"எனக்கு வேற வேலை இல்லையோ? குறூப்பில முந்நூறு பேர். நீ பேசாமல் இரு மச்சான். உன்னாலதான் எண்டு என்ன சாட்சி?"

"என்னால இல்லை எண்டுறதுக்கும் சாட்சி இல்லையேடா."

மனைவி எமில்டா எல்லாம் கேட்டுக்கொண்டு நின்றாள். ஈரத் துவாயைக் கட்டிலில் போட்டதற்கு முப்பது வருடமாகப் பேசுகிறவள், இன்று ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருக்கலாம் என்றிருந்தது அவருக்கு.

"அந்த வழிகாட்டிப் பெடியனுக்கு எடுத்துச் சொல்லுங்கோப்பா," என்றாள்.

ஃபோனில் தாபோவும் ஏசவில்லை. எத்தனை மணிக்கு, எத்தனை பேருக்கு என்றுதான் கேட்டான். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். எல்லோரையும் தெரியுமா? ஒரு நாற்பது பேரைத் தெரியும்.

"யார் யாருக்கு அனுப்பினார்கள் என்று இன்றைக்கே கேட்டுச் சொல்லுங்கள்."

"கன்று எப்படி?"

"போத்தல் பாலைத் தட்டிவிடுகிறது."

மரியாதை போனால் போகட்டும் என்று குழுவைத் திறந்தார். 'நான் ஒரு சின்னப் பிழை விட்டிட்டன்' என்று எழுதினார். 'சின்ன' என்பதை அழித்தார். மிச்சத்தை ஒளிக்காமல் எழுதி அனுப்பினார்.

ஐந்து நிமிடத்தில் அருட்பிரகாசம்: "மச்சான், முதல்ல உனக்குப் பொய் சொல்லிட்டன். உண்மையோ எண்டு பாக்கச் சொல்லி எங்கட பட்மின்டன் குறூப்புக்கு அனுப்பினனான்."

அதன் கீழே டூட்டிங்கிலிருந்து பிறேமினி: "நானும், வேலை செய்யிற இடத்துக் குறூப்புக்கு."

சூசைதாசன் கையைக் கழுவிவிட்டு வந்து, தாபோ கேட்ட பட்டியலுக்கு எடுத்த தாளில் முதலில் தன் பெயரை எழுதினார்.