பலூனை விட்டு வர முடியாது

மணி மூன்றே கால். என் ஷிஃப்ட் மூன்றுக்கே முடிந்துவிட்டது. அடுத்து வரவேண்டிய ஆறடியைக் காணோம். ஐந்தடிகூட இல்லாத ஆளுக்கு அந்தப் பேரை வைத்த புண்ணியவான் யாரோ! காலையிலிருந்து விடாத மழை. நாலு மணிக்கு அக்காவின் பஸ். அதில் ஏறி விமான நிலையம் போய்விட்டாள் என்றால், இனி மூன்று வருடம் கழித்துத்தான் அவள் முகத்தைப் பார்க்கலாம்.

பாலித்தீன் பைக்கான மெஷினை அப்படியே விட்டுவிட்டு வரமுடியாது. மேலே கொட்டும் வெள்ளைக் குருணை உள்ளே உருகி, வட்ட வாய் வழியாகக் குழாய்போல வெளியே வரும். காற்றை ஊதினால் இரண்டு மாடி உயரத்துக்குப் பலூனாக நிற்கும். பக்கத்தில் ஆள் இல்லையென்றால் சாய்ந்து கிழியும். திடீரென்று நிறுத்தினாலோ உருகியதெல்லாம் வாய்க்குள்ளேயே இறுகிப்போகும். கழற்றிச் சுரண்ட ஒரு நாள் ஆகும், என் வேலையும் அன்றோடு சரி. சேர்ந்த புதிதில் இன்ஜினியர் சொன்னார்: “இந்தக் குருணையே முன்னாடி வாயுவா இருந்ததுதான். வாயுவா இருக்கிறப்போ எல்லாத் துகளும் தனித்தனிதான். ஒண்ணோட ஒண்ணு கை கோத்துக்கிச்சுன்னா அப்புறம் லேசுல விடாது. மண்ணுல புதைச்சாலும் மக்காது.” அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

போன மாதம் வீட்டு வாசலில் சாக்கடை பொங்கியபோது அக்காதான் கையை விட்டு அள்ளினாள். கொத்துக் கொத்தாகப் பைகள். “எல்லாம் நீ செஞ்சதுதான்டா” என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அவ்வளவு கோபம். “அந்தப் பைதான் உனக்கு உட்கார்ந்த இடத்துல சோறு போடுது” என்றேன். புருஷனை இழந்து வந்தவளிடம், அம்மா இல்லாத என்னை வளர்த்தவளிடம். பாழாய்ப்போன வாய்! அவள் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். மறுவாரமே, வெளிநாட்டில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டாள். ஒரே வீட்டில் இருந்தும் ஒரு மாதமாக மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பஸ் ஏற்றிவிடும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன்.

மூன்றே முக்காலுக்கு சூப்பர்வைசர் வந்தார்.

“ஆறடி வரமாட்டான்பா. சுரங்கப்பாதை பூரா தண்ணி. வடிகால்ல பை அடைச்சுக்கிச்சாம். இடுப்பளவு நிக்குதாம்.”

“யார் இடுப்பு சார், அவன் இடுப்பா?” இருவருக்குமே சிரிப்பு வரவில்லை. “சார், ஒரு அரை மணி நேரம் நீங்க நில்லுங்க சார். ஓடிப்போய் வந்துடறேன்.”

“எனக்கு இதைத் தொடவே தெரியாதே! கிழிஞ்சா ரெண்டு பேரும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.” எங்கள் போனெல்லாம் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அவர் தன் போனில், நான் சொன்ன அக்கா நம்பரைப் போட்டு என் காதில் அழுத்திப் பிடித்தார்.

“எங்கடா இருக்க? பஸ்ல ஏறிட்டேன்.”

“அக்கா, அன்னைக்கு நான் பேசினது தப்புக்கா. மன்னிச்சிடுக்கா!” தொண்டை கிழியக் கத்தினேன்.

“ஒண்ணுமே கேக்கலைடா. ஒரே இரைச்சல்.” அவள் பக்கம் கண்டக்டரின் விசில் கேட்டது. “அந்த மெஷினைக் கொஞ்சம் நிறுத்திட்டுப் பேசேன்.”

மெஷினை நிறுத்தும் சிவப்புப் பொத்தானின் மேல் என் ஒரு கை போய்விட்டது. சூப்பர்வைசர் என்னையே பார்த்தார். பலூன் லேசாகச் சாய்ந்தது. மற்றக் கை, நான் சொல்லாமலே, காற்றுத் திருகைத் திருப்பி அதை நேராக நிறுத்தியது.

“டேய், இருக்கியா?” என்றாள் அக்கா.