கொட்டாவிக் கைப்பிடிகள்

முலாம்காரர் வீட்டுக் குளியலறையில் நிக்கல் முலாம் போட்ட கதவுக் கைப்பிடியைத் தொட்டவர்கள் கொட்டாவி விட்டார்கள். இறுக்கிப் பிடித்தவர்கள் நின்ற இடத்திலேயே தூங்கிப்போனார்கள். மற்றபடி முலாமில் ஒரு குறையும் இல்லை.

வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிய வருஷம் முலாம்காரர் குளியலறையில் பட்டறை போட்டார். இரண்டு பிளாஸ்டிக் தொட்டி, ஒரு பழைய பேட்டரி சார்ஜர், குறுக்கே செம்புக் கம்பி. புருஷனும் பெண்டாட்டியும் அன்று முதல் சமையலறை மூலையில் குளித்தார்கள். "பட்டறை காலூன்றட்டும், நீ வேலையை விட்டுடு" என்றார். அவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பதினோரு வருஷமாக ஈரப் போர்வை பிழிகிறவள். பட்டறை காலூன்றுவதற்குள் அவள் கால் வீங்கிவிட்டது. எவ்வளவு தேய்த்துக் கழுவிப் பூசினாலும் முலாம் வெங்காயத் தோலாக உரிந்தது. ஒரு சாயங்காலம் வேலைவிட்டு வந்தவள், கழுவுகிற தொட்டி என்று நினைத்து, முலாம் தொட்டியின் பச்சைக் கரைசலில் முழங்கை வரை கையை விட்டாள். லேசாகக் கூசியது. எடுத்தபோது பதினோரு வருஷத்து அசதி உடம்பில் இல்லை. உள்ளே தொங்கிய கைப்பிடிகளில் முலாம் உடும்பாகப் பிடித்திருந்தது. அவள் பரணை ஒழித்துவிட்டு, வேறு என்ன வேலை இருக்கிறது என்று கேட்டாள்.

அவற்றை வாங்கிய இரும்புக்கடைக்காரர் நாலாம் நாள் சண்டைக்கு வந்தார். "யோவ், கடையில ஒருத்தனும் முழிச்சிருக்கலய்யா! கதவைத் திறக்கப் போனவன் குறட்டை விடறான்!" கத்தி முடித்து, குரலைத் தணித்து, "வீட்டுக்கு ரெண்டு குடு. நான் தூங்கி வருஷமாச்சு" என்றார். பிறகென்ன, ஊரில் தூக்கம் வராதவர்கள் இத்தனை பேரா என்று தெருவே வாயைப் பிளந்தது. அவளும் தினம் வேலைவிட்டு வந்து கையை முக்கினாள். ஆறு மாதத்தில், சொன்னபடி, வேலையை விட்டாள். பத்து நாள் நன்றாகத் தூங்கினாள்.

பதினோராம் நாள், அவளிடம் அசதி மிச்சமில்லாமல், முலாம் உரிந்தது. அவள் எழுந்து சலவைக்கூடத்து ரப்பர் செருப்பைத் தேடினாள். அவர் அதை வாங்கித் தன் காலில் மாட்டிப் பார்த்தார். பாதிக் கால் வெளியே நின்றது.

"உங்களுக்கு ஒரு துண்டு பிழியத் தெரியுமா?"

"நீ மட்டும் கத்துக்கிட்டா பொறந்த? உக்காருடி."

இப்போது பட்டறையை அவள்தான் பார்க்கிறாள். சாயங்காலம் அவர் சலவைக்கூடத்திலிருந்து வந்ததும் சார்ஜரைப் போட்டு, கையைப் பிடித்துத் தொட்டியில் விடுகிறாள். கைப்பிடிக்கு முன்னைப்போல வேகம் இல்லை, மத்தியானத் தூக்கத்துக்குத்தான் காணும் என்று கடைக்காரர் குறைபட்டார்.

"பொறுங்கண்ணே," என்றாள் அவள், கைப்பிடியைத் துடைத்தபடி. "அவர் இப்பத்தானே சேர்ந்திருக்கார்."