க்ளென் டாசன் கூட்டத்துக்கு வந்த நாள்

ஜூன் மாதம் பிறந்தால் இங்கிலாந்தில் க்ரிம்ஸ்பி என்ற ஊரின் ஒரு தொடக்கப் பள்ளியில் ஒரு வினோத நோய் பரவும். உடல் வளர்ச்சிப் பாடம் நடக்கும் நாளில் மட்டும் ஐந்தாம் வகுப்பில் நாலைந்து பேருக்கு வயிற்று வலி வந்துவிடும். மறுநாள் எல்லாருக்கும் சரியாகிவிடும். அந்தப் பாடத்திலிருந்து பிள்ளையை விலக்கிக்கொள்ளச் சட்டம் இடம் தராததால் பெற்றோர் கண்டுபிடித்த வழி அது. வராத பிள்ளைகளுக்கு மைதானத்தில் வகுப்பு வாயாடிகள் தனிப் பாடம் நடத்துவார்கள். அதில் குழந்தை தொப்புள் வழியாகப் பிறக்கும்.

ஆசிரியை ஜனீன் க்ராப்ட்ரீக்கு இதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். அதனால் முந்தைய வாரமே பெற்றோரை வரவழைத்து, பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் உட்கார வைத்து, பாடம் முழுவதையும் காட்டிவிடுவாள். முழங்கால் மார்பில் இடிக்க உட்கார்ந்திருப்பவர் யாரும் ரொம்ப வீறாப்பு காட்ட முடியாது என்பது அவள் கணக்கு.

இந்த வருடம் அவளுக்கு ஒரு பிள்ளையைப் பற்றித்தான் கவலை. கேசி டாசனின் அம்மா புற்றுநோயில் போய்விட்டாள். அப்பா க்ளென் மீன் லாரி ஓட்டுகிறவர். கூட்டம் நடக்கவிருந்த அன்று காலை பள்ளி வாசலில் அவர் ஜனீனை நிறுத்தி, பாடம் நடக்கும் நாளில் கேசிக்கு வயிற்று வலி வரும் என்று சொல்லிவிட்டார். பொய்யைக்கூட முன்கூட்டியே தெரிவிக்கும் நேர்மையான மனிதர். அம்மா இல்லாத பிள்ளை இதை மைதானத்திலா தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஜனீனுக்கு மனசு கொதித்தது. சாயங்காலம் கூட்டத்துக்கு மட்டும் வாருங்கள், அப்புறம் உங்கள் இஷ்டம் என்றாள்.

வந்தார். கதவோரம் உட்கார்ந்தார்.

ஜனீன் படங்களைக் காட்டி, ஒவ்வொரு உறுப்பின் பெயரையும் பெற்றோரையே சத்தமாகச் சொல்ல வைத்தாள். கருப்பை வரை சமாளித்தார்கள். அதற்கப்புறம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சிரித்தார்கள். ஐந்தாம் வகுப்பே தேவலை. சிரித்து முடித்ததும் லின்சி பகில் என்ற அம்மா கையைத் தூக்கினாள்.

"பத்து வயசுல இதெல்லாம் எதுக்கு மிஸ்? எனக்கு யாரு சொல்லிக் குடுத்தா? நான் என்ன கெட்டா போயிட்டேன்?"

"அத உன் புருஷன்கிட்டதான் கேக்கணும்" என்றது ஒரு குரல். மறுபடி சிரிப்பு.

இந்தக் கேள்விக்கு ஜனீன் பதிலைத் தயாராக வைத்திருந்தாள். வாயைத் திறப்பதற்குள் க்ளென் எழுந்தார். குட்டி நாற்காலியும் அவரோடு சேர்ந்து எழுந்தது. அதைப் பிடுங்கிக் கீழே வைத்தார்.

"என் பொண்ணுக்குப் பிப்ரவரியிலயே வந்திருச்சு" என்றார்.

சிரிப்பு நின்றுபோனது.

"ரத்தத்தப் பாத்ததும், சைக்கிள்ல விழுந்து உள்ள எங்கயோ அடிபட்டிருக்குன்னு நெனச்சேன். அவளுக்கும் தெரியல, எனக்கும் தோணல. வண்டியில போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தேன். போற வழியில, 'அப்பா, நானும் அம்மா மாதிரி செத்துப் போயிடுவேனா'ன்னு கேட்டா. இல்லம்மான்னு சொல்ல எனக்கு வாய் வரல. எனக்கே தெரியாதே."

ஆஸ்பத்திரியில் நர்ஸ் எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கியிருக்கிறாள். அந்தக் கதை வகுப்பில் வெளியே வந்தால் மகளைக் கேலி செய்வார்கள் என்றுதான் அவளை வீட்டில் வைத்துக்கொள்ளப் பார்த்தாராம்.

"கேலி பண்ணணும்னா என்னைத்தான் பண்ணணும்" என்றார். "அவ வரட்டும் மிஸ்."

லின்சி, அவர் உட்காருவதற்காக அந்தக் குட்டி நாற்காலியை மெல்ல அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். தயாராக வைத்திருந்த பதிலை ஜனீன் விழுங்கிக்கொண்டாள். அது அவர் சொன்ன அளவுக்கு நல்ல பதில் இல்லை.

அந்த வருடம் வயிற்று வலி ஒரே ஒரு பையனுக்குத்தான் வந்தது. அவன் முந்தின நாள் பிறந்தநாள் விருந்தில் கேக்கை வளைத்துக்கட்டியவன், அதனால் உண்மையான வலி. மற்ற எல்லாரும் வந்திருந்தார்கள். ஆணும் பெண்ணுமாகக் கலந்து உட்கார்ந்திருந்த வகுப்பில் ஜனீன் கேட்டாள்:

"பீரியட்ஸ் திடீர்னு வந்துட்டா மொதல்ல என்ன பண்ணணும்?"

யாரும் யோசிப்பதற்குள் கேசியின் கை உயர்ந்தது.

"அப்பாகிட்ட சொல்லணும் மிஸ். எங்க அப்பாவுக்கு இப்ப எல்லாம் தெரியும்."