விறகு கிடைக்காத ஊர்

அனுசூயா பதினோராவது குறிப்பைத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தபோது டெலிபோன் அலறியது. 1974 நவம்பர். மாண்ட்ரியாலில் காலை மணி எட்டரை.

வடகென்யாவின் வஜீருக்குப் புதிதாக வேலைக்கு வருபவர்களுக்காக, அங்கே போர்வெல் இன்ஜினீயராக இருக்கும் கணவர் சண்முகவேல் எழுதி அனுப்பியவை அந்தக் குறிப்புகள். ‘கிணற்றுத் தண்ணீர் உப்பு. வடிகட்டி, கொசுவலை கட்டாயம். தினம் குளித்தே தீருவேன் என்பவர்கள் தயவுசெய்து கிளம்ப வேண்டாம்.’ சிரித்துக்கொண்டேதான் தட்டியிருந்தாள்.

போனில் கணவரின் கம்பெனி அதிகாரி கான்யோன். ஆங்கிலத்தில் தயங்கித் தயங்கிச் சொன்னார். சண்முகவேல் போர்வெல் பக்கத்தில் மயங்கி விழுந்தார். மாரடைப்பு. உயிர் அங்கேயே போய்விட்டது.

“இருட்டுவதற்குள் அடக்கம் செய்தாக வேண்டும் மேடம். அங்கே ஐஸ் கிடையாது. மழையில் ரோடும் விமானத்தளமும் சேறு. வஜீரோடு பேச ரேடியோ ஒன்றுதான்; நம் நேரம் பத்து மணிக்கு அதையும் மூடிவிடுவார்கள்.”

“புதைக்கக் கூடாது. எரிக்க வேண்டும்,” என்றாள். அவள் குரல் மாதிரியே இல்லை.

“கேட்டுச் சொல்கிறேன்.”

அவள் கூப்பிட்ட இருபதாவது நிமிடம் நகரை ஒட்டிய இல்-பிசார் தீவிலிருந்து காரில் வந்து இறங்கினான் கொழுந்தன் பாலகிருஷ்ணன். டாக்டர். ஷூவில் ஒட்டிய பனியோடு உள்ளே நுழைந்தான்.

“எரிச்சே ஆகணும் அண்ணி. அண்ணன் என்ன அநாதையா?”

“விறகு வேணுமே பாலு.”

“நல்லாருக்கே! ஒரு ஊர்ல மரமா இருக்காது? ரெண்டை வெட்டச் சொல்லுங்க.”

அவள் டைப்ரைட்டர் பக்கத்திலிருந்த குறிப்புத் தாளை எடுத்து நீட்டினாள். கணவரின் சாய்ந்த கையெழுத்து.

‘விறகு: கிடைக்காது. சமையலுக்குக் கரிதான், அதுவும் அளந்து. முள்மரங்களைத் தொடக் கூடாது. ஆடுகளுக்கு அதுதான் தீனி. ஊருக்கு ஆடுதான் சோறு. வெட்டுகிறவரை நானே ஊருக்குத் திருப்பி அனுப்புவேன்.’

“சரி, மண்ணெண்ணெய்?”

“ஆஸ்பத்திரி ஃபிரிட்ஜ் அதுலதான் ஓடுது. குழந்தைங்க தடுப்பூசியெல்லாம் அதுக்குள்ளதான். அதையும் எழுதியிருக்கார்.”

“எல்லாத்தையும் எழுதி வெச்சுட்டுப் போயிருக்கான் மகராசன்!” பாலகிருஷ்ணன் கத்தினான். பிறகு அந்தத் தாளை மெதுவாக, கசங்காமல், மேஜையில் வைத்தான்.

ஒன்பதே முக்காலுக்கு மறுபடி போன்.

“பெட்டிப் பலகை, பழைய கதவு என்று ஆட்கள் ஊரெல்லாம் அலைந்து சேர்த்திருக்கிறார்கள் மேடம். போதாது. அத்தனையும் நனைந்தும் இருக்கிறது. பாதியில் அணைந்துவிட்டால்...” என்றார் கான்யோன்.

அனுசூயா கொழுந்தனைப் பார்த்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“சரி. புதையுங்கள்.”

“இன்னும் ஒன்று. குழி வெட்டுகிறவர்கள் முஸ்லிம்கள். உங்கள் வழக்கத்தில் தலை எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள்.”

அவள் ரிசீவரைக் கையால் பொத்தினாள். “பாலு, தலையை எந்தப் பக்கம் வெப்பாங்க?”

“தெற்குன்னு... அப்பாவுக்கு அப்படித்தான் வெச்சாங்கன்னு ஞாபகம். எனக்கு அப்ப ஆறு வயசு அண்ணி. சரியாத் தெரியல.”

“தெற்கு,” என்றாள் போனில்.

ரேடியோவில் சொல்வதற்காகக் கான்யோன் அவசரமாகப் போனை வைத்தார். மணி பத்தாகப் போகிறது. அங்கே மாலை ஆறு; சூரியன் மறைய இன்னும் சில நிமிடங்களே இருந்தன. இங்கே ஜன்னல் முழுக்கப் பனி கொட்டிக்கொண்டிருந்தது.

“நம்ம வீட்டுல தெற்கு எந்தப் பக்கம் பாலு?”

பாலகிருஷ்ணன் ஜன்னலைப் பார்த்தான். வானம் ஒரே வெளுப்பு. கையை வாசல் பக்கம் நீட்டினான். யோசித்து, அடுப்புப் பக்கம் திருப்பினான். பிறகு கையைக் கீழே போட்டுவிட்டான்.