பதினைந்தாம் தேதி, மாலை ஐந்து மணி

‘அம்மாவின் கடைசிப் பார்வை ஒரு ஜெனரேட்டரின் மேல் விழுந்தது’ என்ற வரியைக் கடைசியிலிருந்து ஒவ்வோர் எழுத்தாக அழித்துக்கொண்டு வந்தவள், ‘அம்மாவின் கடைசி’ வரைக்கும் வந்தபோது பக்கத்து அறையிலிருந்து சித்தி கூப்பிட்டாள்.

“பார்சல்... இங்க வாடி. ஓடி வா.”

வீட்டில் அவளுக்குப் பெயர் பார்சல்தான். டாக்டர் சொன்ன தேதிக்கு இரண்டு வாரம் தள்ளிப் பிறந்தவள். இருபத்தெட்டு வருடம் தெருத்தெருவாக நடந்து தபால் கொடுத்த அம்மா, லேட்டாக வந்த பார்சல் என்று சொல்லிச் சொல்லி அதுவே நிலைத்துவிட்டது. இருபத்தேழு வயதாகி, கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் நாலு பேரை வேலை வாங்கினாலும் வாசற்படி தாண்டி உள்ளே வந்தால் பார்சல்.

பத்தடி தூரம்தான். அவள் போவதற்குள் முடிந்திருந்தது. வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று நான்கு நாளாகச் சுவர்ப்பக்கம் திரும்பியே படுத்திருந்த அம்மா, அப்படியே இருந்தாள். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு சித்தி உட்கார்ந்திருந்தாள். மணி பத்து இருபது.

“ஒரு மூச்சு பெருசா வாங்கினா. அடுத்தது வரும்னு பாத்துக்கிட்டே இருக்கேன்” என்றாள் சித்தி.

பார்சலுக்கு முதலில் அழுகை வரவில்லை. ‘இனிமேல் அந்த வரியை அழிக்க வேண்டியதில்லை’ என்ற நினைப்புதான் வந்தது. வந்த கணமே தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. முகத்தைப் பார்த்து சித்தி கண்டுபிடித்துவிடுவாளோ என்று பயந்து கட்டிலோரம் குனிந்து அம்மாவின் காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சித்தி அதை அழுகை என்று எண்ணி முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

நடந்தது இதுதான். மூன்று வருடமாக அலுவலகத்தில் கார் நிறுத்துமிடங்களை வரைந்து வரைந்து அலுத்துப்போனவள், லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சரில் மேற்படிப்புக்குப் போக ஆசைப்பட்டாள். கட்டடத்துக்கு வெளியே இருப்பதையெல்லாம் வரைகிற படிப்பு. “தோட்டக்காரி ஆகறதுக்கு எதுக்குடி மேல்படிப்பு?” என்று சித்தி கேட்டபோது, “தோட்டம் மட்டும் இல்ல சித்தி, மழைத்தண்ணி எங்க போகும், ஜனங்க எங்க உக்காருவாங்க, எல்லாம்” என்று விளக்கி, பாதியில் விட்டுவிட்டாள்.

ஐந்து கல்லூரிகளைப் பட்டியல் போட்டாள். எத்தனை வருடம், வரைகூடம் எப்படி, கட்டடக்கலை படித்தவர்களுக்கு ஒரு வருடம் தள்ளுபடி உண்டா என்று கட்டம் கட்டமாக எழுதி அம்மாவிடம் காட்டினாள். அம்மா மற்ற கட்டங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. முகவரிகளை மட்டும் படித்தாள். கடைசியில் கடல் தாண்டி இருந்த ஒன்றின் மேல் விரலை வைத்தாள்.

“இது நல்லா இருக்கும். முகவரி ரெண்டே வரில முடியுது. ஒழுங்கான ஊராத்தான் இருக்கும்.”

ஊர் ஊராகத் தரவரிசை பார்த்து, முன்னாள் மாணவர்களிடம் விசாரித்து, இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு பார்சல் வந்து சேர்ந்ததும் அதே கல்லூரியில்தான். அதைச் சொன்னால் அம்மாவைக் கையில் பிடிக்க முடியாது என்று சொல்லவில்லை.

அப்புறம் அம்மாவின் நுரையீரல் படுத்தது. நான்கு மாதத்துக்கு முன்பு ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளையும் அண்ணனையும் தனியாக அழைத்து, “சாயங்காலம் வரைக்கும் தாங்கறது கஷ்டம். சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க” என்றார். அண்ணன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். பார்சலுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று மடிக்கணினியைத் திறந்து, கல்லூரிக்கு எழுத வேண்டிய கட்டுரையை எழுத ஆரம்பித்தாள். ‘இந்தப் படிப்பை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?’ என்பது கேள்வி. அம்மா இறந்துவிட்டதாக எழுதினாள். ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம்கூட இல்லாமல் ஒரு ஜெனரேட்டர் மட்டும் நிற்பதாக எழுதினாள். டாக்டர் சொன்னதற்கு ஒரு மணி நேரம் முந்திக்கொண்டோம் என்றுதான் அப்போது நினைத்தாள்.

அம்மா பிழைத்துக்கொண்டாள். மறுநாள் எழுந்து உட்கார்ந்து காபி சூடாக இல்லை என்று சண்டை போட்டாள்.

கட்டுரை மட்டும் அப்படியே இருந்தது. ஏனென்றால் அது நன்றாக இருந்தது. உண்மையை எழுதிய ஏழெட்டு வடிவங்களும் அலுவலகச் சுற்றறிக்கை மாதிரி இருந்தன. பரிந்துரைக் கடிதம் கேட்டுப் பழைய பேராசிரியருக்கு எழுதியபோது, அவசரத்தில் அந்தக் கட்டுரையையே சேர்த்து அனுப்பிவிட்டாள். ‘தாயை இழந்த துயரத்திலும் தளராத மாணவி’ என்று எழுதிப் பரிந்துரையை நேரே கல்லூரிக்கு ஏற்றிவிட்டதாக அவரிடமிருந்து மின்னஞ்சலில் பதில் வந்தது. ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணத்தை முடிக்கலாம் என்பார்கள். ஒரு பொய் சொல்லிக் கல்லூரியில் சேரலாமா என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. அன்றிலிருந்து தினமும் அந்த வரியைத் திறப்பாள், மூடுவாள். கடைசித் தேதி பதினைந்து, மாலை ஐந்து மணி. இன்று காலைதான் துணிந்து அழிக்க உட்கார்ந்தாள்.

பதினோரு மணிக்கு டாக்டர் வந்து சான்றிதழ் எழுதினார். அண்ணன் வந்தான். பாய் விரித்து, சோபாவை ஓரம் தள்ளி, முன்னறையில் அம்மாவைக் கிடத்தினார்கள். அடக்கம் மறுநாள் காலை என்று முடிவானது. தபால் நிலையத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் சீருடையோடு வந்தார்கள். எள் போட்டால் எள் விழாத கூட்டம். வந்தவர்கள் எல்லோரும் அவள் கையைப் பிடித்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

“கடைசி நேரத்துல நீ பக்கத்துல இருந்தியாம்மா?”

“இருந்தேன்” என்றாள். பத்தடி தூரம் பக்கம்தானே என்று மனதுக்குள் வாதாடினாள்.

ஒரு மணிக்கு அண்ணன் போனோடு வந்தான். “அம்மா பத்தி நாலு வரி எழுதிக் குடு. எல்லாருக்கும் அனுப்பணும். நீதான் நல்லா எழுதுவியே.”

அவள் போனை வாங்கினாள். விரலை வைத்ததும் கட்டுரையின் வரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தயாராக வந்து நின்றன. அவற்றை ஒதுக்கிவிட்டு, அம்மாவின் பெயர், வயது, நேரம், வீட்டு முகவரி என்று மட்டும் தட்டிக் கொடுத்தாள்.

“இவ்ளோதானா?” என்றான் அண்ணன்.

“இவ்ளோதான்ணா வருது.”

மணி இரண்டானது, மூன்றானது. அவசரம் என்று கல்லூரிக்கு எழுதித் தவணை கேட்கலாம். என்னவென்று கேட்பது? இன்று காலை தாய் இறந்துவிட்டார் என்றா? பேராசிரியரின் கடிதத்தில் தாய் ஏற்கெனவே இறந்துவிட்டாரே. பேசாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தாள். அம்மாவின் உடம்பு வீட்டில் கிடக்கும்போது விண்ணப்பம் என்ன விண்ணப்பம்? இப்படி நினைத்த மறுநிமிடமே கண் கடிகாரத்துக்குப் போனது. அந்தக் கண்ணைப் பிடுங்கிப் போட முடியவில்லை.

மூன்றே முக்காலுக்குச் சித்தி அவளைத் தேடிக்கொண்டு அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். கையில் ஒரு தபால் உறை இருந்தது.

“அம்மா தலகாணிக்கு அடியில இருந்துச்சு. உனக்கு வந்தது. போன வாரமே குடுத்திருக்கணும்.”

உறை பிரிக்கப்பட்டிருந்தது. அனுப்பியவர் இடத்தில் பேராசிரியரின் பெயர். பார்சல் உள்ளே இருந்த தாளை எடுத்தாள். பிரித்துப் படித்தாள். அழகான கையெழுத்தில் ஒரு பக்கம். உன் அம்மாவின் மறைவுக்கு என் ஆழ்ந்த இரங்கல். அந்த ஜன்னலையும் ஜெனரேட்டரையும் என்னால் மறக்க முடியவில்லை. பதினைந்தாம் தேதிக்குள் விண்ணப்பத்தை மறக்காமல் அனுப்பிவிடு.

“ஆஸ்பத்திரிக் கடுதாசின்னு நெனச்சு நான்தான் பிரிச்சிட்டேன்” என்றாள் சித்தி. “அடுத்தவங்க பேருக்கு வந்ததை எப்படிப் பிரிக்கலாம்னு உங்கம்மா என்னை ஒரு பிடி பிடிச்சா. இருபத்தெட்டு வருஷத்துல ஒரு உறையைப் பிரிச்சிருப்பேனான்னு. அப்புறம், பிரிச்சது பிரிச்சாச்சு, படின்னா. நான் பாட்டுக்கு யோசிக்காம சத்தமாப் படிச்சிட்டேன்டி.”

“அம்மா கேட்டாளா? முழுசாவா?”

“முழுசா.”

“என்ன சொன்னா?”

சித்தி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “சிரிச்சா. இருமல் வந்து மூச்சு முட்டுற அளவுக்குச் சிரிச்சா. ‘எத்தனை வீட்டுக்கு எழவுக் கடுதாசி கொண்டுபோய்க் குடுத்திருக்கேன், என் சாவுக்கு வந்த கடுதாசியை நானே கேக்கறது இப்பத்தான்’னா. அப்புறம், அந்த ஜன்னல்ல ஜெனரேட்டர் இல்ல, தண்ணி டேங்க்தான் இருந்துச்சுன்னா. ‘கழுத, தப்பா எழுதியிருக்கு’ன்னா.”

பார்சல் தாளை மடித்து உறைக்குள் வைத்தாள்.

“கடைசித் தேதி என்னன்னு திரும்பப் படிக்கச் சொன்னா. பதினஞ்சுன்னேன். விரல்ல நாளை எண்ணிப் பாத்தா. ‘அவ மாத்த வேண்டாம்னு சொல்லு. பதினஞ்சு வரைக்கும் நான் இருக்க மாட்டேன்’னா. இதை எப்படிடி உன்கிட்ட வந்து சொல்றது? வாய் வரல எனக்கு.”

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. காலையிலிருந்து வராதது மொத்தமாக வந்தது. அம்மாவின் மேல் கோபம் கோபமாக வந்தது. இந்த ஒரு வாரமும் தலையணைக்கடியில் அதை வைத்துக்கொண்டு, மாத்திரை கொடுக்க வந்தவளிடம் “இன்னிக்கு என்ன தேதி?” என்று ஒன்றுமே தெரியாதவள் போலக் கேட்டாளே. பதினாலு என்று நேற்றுச் சொன்னபோது “அப்படியா” என்று மட்டும் சொன்னாளே. சித்தி அவளை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். “வரோம், வரோம்” என்று சித்தி அங்கிருந்தே விரட்டினாள்.

நாலே காலுக்குப் பார்சல் முகத்தைத் துடைத்துக்கொண்டு மடிக்கணினியைத் திறந்தாள்.

“அப்படியே அனுப்பிடு. இப்பப் பொய் இல்லியே” என்றாள் சித்தி.

“பொய்தான் சித்தி. அம்மா நம்ம வீட்ல போனா. ஜன்னலை அவ திரும்பிக்கூடப் பாக்கல.”

ஜன்னல், மரம், ஜெனரேட்டர் எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் தேர்ந்தெடுத்து அழித்தாள். அந்த இடத்தில் நிறுத்தாமல் தட்டினாள். என் அம்மா தபால்காரர். இன்று காலை இறந்தார். இருபத்தெட்டு வருடம் மற்றவர்களின் வாசல்களில் நடந்தார். மாலையில் காலை வெந்நீரில் ஊறவைத்துக்கொண்டு அன்றைய வீடுகளைத் திட்டுவார். தபால்பெட்டியை முள்செடிக்குப் பின்னால் வைத்தவர்கள். இந்தப் பக்கம் கொக்கி போட வேண்டிய கேட்டுக்கு அந்தப் பக்கம் போட்டவர்கள். எந்த மனிதக் காலுக்கும் பொருந்தாத இடைவெளியில் வட்ட வட்டமாகக் கல் பதித்தவர்கள். ‘பாக்க அழகா இருக்கு, நடந்து பாத்தவன் எவனும் இல்ல’ என்பார். நான் வரைந்த கார் நிறுத்துமிடம் ஒன்றை நடந்து பார்த்துவிட்டு வந்தும் இதையேதான் சொன்னார். நடந்து பார்த்து வரைவதற்குக் கற்றுக்கொள்ள வேண்டும்.

நன்றாக இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. திரும்பப் படிக்க நேரமும் இல்லை. ‘அடுத்து’ என்பதை அழுத்தினாள்.

மறுபடி ஒருமுறை சரிபார்க்கும்படி குடும்ப விவரப் பக்கம் வந்தது. அப்பாவுக்கு ஒரே வரி. ‘உயிருடன் இல்லை.’ அவளுடைய மூன்றாவது வயதிலிருந்தே அப்படி. அம்மாவுக்கு நேரே ‘உயிருடன் உள்ளார்’ என்று இருந்தது. கட்டுரையில் அம்மாவைக் கொன்ற அதே வாரத்தில், கை தன்பாட்டுக்கு நிரப்பியது. ஒரே விண்ணப்பத்தில் அம்மா செத்தும் இருந்தாள், உயிரோடும் இருந்தாள். இத்தனை நாளும் இது அவள் கண்ணில் படவில்லை. கீழே மூன்று கட்டங்கள் இருந்தன. தொழில்: தபால்காரர். தொலைபேசி எண். வீட்டு முகவரி.

மணி நாலு நாற்பத்தாறு. மாற்ற வேண்டியது ஒரே ஒரு சொடுக்கு. அம்புக்குறியைக் கொண்டுபோய் அங்கே வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். பிறகு அழுத்தினாள்.

‘உயிருடன் இல்லை’ என்று மாறியதும் தொழிலும் எண்ணும் முகவரியும் தாமாகவே மறைந்துபோயின. கீழே இருந்த கேள்வி மேலே ஏறி வந்து அந்த இடத்தில் நின்றுகொண்டது.

அவள் சட்டென்று மறுபடி ‘உயிருடன் உள்ளார்’ என்று மாற்றினாள். மூன்று கட்டங்களும் திரும்பி வந்தன. மூன்றும் காலியாக இருந்தன.

“ஆச்சாடி?” என்றாள் சித்தி, வாசல் பக்கம் ஒரு காதை வைத்துக்கொண்டு.

“இரு சித்தி. அம்மா நம்பர் போட்டுட்டு இருக்கேன்.”

சித்தி திரையை எட்டிப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

“போடு. பத்து நிமிஷம் இருக்கு” என்றாள்.